ஆஸ்பிரின் குடிப்பவருக்குக் காலில் இரத்தக்கட்டி எப்படி வந்தது? நாடி அடைப்பும் நாளக்கட்டியும் ஒரே நோயா?

கேள்வி கேட்டவர் ஹட்டன் பக்கத் தோட்டமொன்றில் பிறந்து இப்போது கொழும்பில் வேலை பார்க்கும் ஒரு தங்கச்சி. அப்பாவுக்கு 64 வயது. மூன்று வருடத்துக்கு முன் மாரடைப்பு வந்து கண்டியில் ஸ்டென்ட் வைத்தார்கள். அன்றிலிருந்து ஆஸ்பிரினும் கொலஸ்ட்ரோல் குளிசையும் தவறாமல் குடிக்கிறார். அண்மையில் மழையில் லயத்துப் படியில் சறுக்கி விழுந்து கணுக்கால் உடைந்தது. பிளாஸ்டரோடு கட்டிலும் கதிரையுமாக இருந்தவருக்குக் கெண்டைக்காலும் தொடையும் வீங்கின. இரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டொப்ளர் ஸ்கேன் செய்து, ஆழ்நாளத்தில், அதாவது காலுக்குள் ஆழத்தில் ஓடும் நாளத்தில், இரத்தக்கட்டி என்றார்கள். இரத்தம் உறையாமல் இருக்கத்தானே ஆஸ்பிரின், பிறகெப்படி உறைந்தது என்று கேட்கிறார் தங்கச்சி. இன்னொரு விஷயமும் அவர் மனதில் இருக்கிறது. ஹட்டன் டவுனில் ஓட்டோ ஓடும் மாமாவுக்கு 52 வயது. விழவுமில்லை, படுத்த படுக்கையாகவும் இருக்கவில்லை. அவருக்கும் போன வருடம் காலில் இதே கட்டி. ஈசிஜி பார்த்து இதயத்தில் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். அப்படியானால் நாடி அடைப்பும் நாளத்தில் வரும் கட்டியும் ஒரே நோயா? மாமாவுக்கும் ஒருநாள் மாரடைப்பு வருமா?

நல்ல கேள்வி. இரண்டு பேருக்கும் ஒரே பெயரில் ஒரு நோய் வந்திருக்கிறது. ஆனால் அப்பாவின் கதை வேறு, மாமாவின் கதை வேறு. மலையக ஆஸ்பத்திரி வார்டுகளில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்தக் குழப்பம் நோயாளிகளுக்கு மட்டுமல்ல, பயிற்சிக்கு வரும் இளம் டொக்டர்மாருக்கும் உண்டு.

முதலில் நாடியும் நாளமும். இதயத்திலிருந்து இரத்தத்தை வெளியே கொண்டுபோவது நாடி. திருப்பிக் கொண்டுவருவது நாளம். இந்தியப் புத்தகங்கள் தமனி, சிரை என்கின்றன. நாடியில் இரத்தம் பிரஷரோடு வேகமாகப் பாயும், சுவர் தடிப்பு. நாளத்தில் பிரஷர் குறைவு, சுவர் மெல்லியது. காலில் இருக்கும் இரத்தம் மேலே இதயத்துக்கு ஏற வேண்டுமே, அதைத் தள்ளிக்கொடுப்பது கெண்டைக்கால் தசைதான். ஒவ்வொரு அடி வைக்கும்போதும் தசை சுருங்கி நாளத்தைப் பிழியும். ஏறிய இரத்தம் திரும்பி இறங்காதபடி நாளத்துக்குள் சின்னச் சின்னக் கதவுகள் போல வால்வுகள் உண்டு. மலை ஏறி இறங்கிக் கொழுந்து எடுக்கிறவருடைய காலில் இந்தப் பம்ப் நாள் முழுக்க வேலை செய்யும். பிளாஸ்டர் போட்டு நீட்டி வைத்த காலில் அது நின்றுபோகும்.

நாடியில் கட்டி வரும் விதம் இது. பல வருடமாகச் சுவருக்குள்ளே கொழுப்புப் படிந்து படிந்து ஒரு மேடாகிறது. அந்த மேட்டின் மூடி ஒருநாள் கிழிகிறது. கிழிந்த இடத்தைக் காயம் என்று உடம்பு எடுத்துக்கொள்கிறது. உடனே குருதிச் சிறுதட்டுகள் ஓடிவந்து ஒட்டிக்கொள்கின்றன. டெங்கு நேரத்தில் 'பிளேட்லட் இறங்கிட்டு' என்று பதறுவோமே, அதே பிளேட்லட்தான். வேகமாக ஓடும் இரத்தத்திலும் கிழிந்த சுவரைப் பிடித்துக்கொள்ளக்கூடியவை அவை. அதனால் நாடியில் வரும் கட்டியில் அவைதான் அதிகம், வெட்டிப் பார்த்தால் வெளிறிய நிறம். ஆஸ்பிரின் முடக்குவது இந்தச் சிறுதட்டுகளைத்தான். மாரடைப்புக்குப் பிறகு ஆஸ்பிரினை விடாதீர்கள் என்று சொல்வது இதனால்.

நாளத்தில் பெரும்பாலும் சுவர் கிழிவதே இல்லை. கட்டி தொடங்குவது வால்வுக்குப் பின்னால் இருக்கும் சின்னப் பையில். தோட்டத்தில் கான் வெட்டாமல் விட்ட இடத்தில் தண்ணீர் தேங்கி அழுக்குச் சேருவதைப் போல, கால் அசையாவிட்டால் அங்கே இரத்தம் தேங்குகிறது. ஒட்சிசன் குறைகிறது, உட்சுவர்க் கலங்கள் குழம்புகின்றன, இரத்தத்தில் கரைந்திருக்கும் உறைதல் புரதங்கள் ஒன்றை ஒன்று தூண்டத் தொடங்குகின்றன. கடைசியில் துரொம்பின் என்ற நொதியம் பைபிரின் என்ற இழைகளைப் பின்னுகிறது, அந்த வலையில் செங்குருதிக் கலங்கள் மாட்டிக்கொள்கின்றன. அதனால் நாளக்கட்டி சிவப்பு. இதில் சிறுதட்டுகளுக்கும் பங்கு உண்டு, ஆனால் துணை நடிகர் அளவுக்குத்தான். ஆகவே சிறுதட்டுகளை மட்டும் முடக்கும் ஆஸ்பிரின் இங்கே அரைக்காவல்தான்.

கோட்டை விட்ட காவல் என்று அதை ஒதுக்கியும் விடக்கூடாது. 2023இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், எலும்பு முறிந்து ஆஸ்பத்திரிக்கு வந்த 12,000க்கு மேற்பட்டவர்களில் பாதிப்பேருக்கு ஆஸ்பிரினும் மற்றப் பாதிப்பேருக்கு இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெபரின் வகை ஊசியும் கொடுத்துப் பார்த்தார்கள். இறப்பில் வித்தியாசமில்லை. காலில் ஆழ்நாளக்கட்டி ஆஸ்பிரின் குடித்தவர்களில் 2.5 சதவீதம், ஊசி போட்டவர்களில் 1.7 சதவீதம். உங்கள் அப்பா அந்த 2.5 சதவீதத்தில் விழுந்துவிட்டார் என்றுதான் நான் பார்க்கிறேன். உடைந்த எலும்பு, அசையாத கால், 60 தாண்டிய வயது, மூன்றும் சேர்ந்தால் ஆஸ்பிரினையும் மீறிக் கட்டி வரலாம். அவர் குளிசையைச் சரியாகக் குடிக்கவில்லையோ என்று வீட்டில் யாராவது குறை சொல்லியிருந்தால், பாவம், அந்தக் குற்றச்சாட்டை வாபஸ் வாங்குங்கள். ஸ்டென்ட் பழுதாகிவிட்டது என்றும் இதற்கு அர்த்தமில்லை.

சரி, இரண்டும் வேறு வேறு என்றால் விஷயம் இங்கேயே முடிந்துவிட்டதா? நீண்ட காலம் மருத்துவம் அப்படித்தான் நினைத்தது. நாடி நோயைப் பார்க்க ஒரு கூட்டம், நாளக்கட்டியைப் பார்க்க இன்னொரு கூட்டம். 2003இல் இத்தாலியில் பிரண்டோனி என்ற மருத்துவரின் குழு ஒரு எளிய காரியம் செய்தது. காலில் நாளக்கட்டி வந்த 299 பேருக்கும், வராத 150 பேருக்கும் கழுத்து நாடியை ஸ்கேன் செய்தார்கள். யாருக்கும் நாடி நோயின் அறிகுறி முன்பு இருந்ததில்லை. கொழுப்பு மேடு இருந்தது எத்தனை பேருக்கு? எந்தக் காரணமும் இல்லாமல் கட்டி வந்தவர்களில் 47 சதவீதம். சத்திரசிகிச்சை, எலும்பு முறிவு போன்ற காரணத்தோடு கட்டி வந்தவர்களில் 27 சதவீதம். கட்டியே வராதவர்களில் 32 சதவீதம்.

இந்த மூன்று எண்களையும் உங்கள் வீட்டோடு பொருத்திப் பாருங்கள். காரணத்தோடு கட்டி வந்தவர்களுக்கும் கட்டி வராதவர்களுக்கும் நாடியில் பெரிய வித்தியாசமில்லை. அப்பாவின் கால் கட்டிக்கு நாடி அடைப்பைக் குற்றம் சொல்ல வேண்டியதில்லை, பிளாஸ்டரைச் சொன்னால் போதும். காரணமே இல்லாமல் வந்தவர்களுக்குத்தான் நாடியிலும் கோளாறு அதிகம். அதாவது, இதயம் நன்றாக இருக்கிறது என்று அனுப்பப்பட்ட உங்கள் மாமா போன்றவர்களுக்கு.

ஆனால் ஒரு ஆய்வை வைத்து முடிவு கட்ட முடியாது. அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான நடுவயதுக்காரரை வருடக்கணக்காகப் பின்தொடர்ந்த அரிக் என்ற ஆய்வு, 2006இல் வேறு பதில் சொன்னது. முதலிலேயே கழுத்து நாடியை அளந்து வைத்துக்கொண்டு யாருக்கு நாளக்கட்டி வருகிறது என்று பார்த்தார்கள். வயது, உடற்பருமன் போன்றவற்றைக் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகு, நாடி தடித்தவருக்கு நாளக்கட்டி கூடுதலாக வரவில்லை. எனவே நாடிக் கொழுப்பு நேரடியாக நாளக்கட்டியை உண்டாக்குகிறது என்று சொல்ல ஆதாரம் பலவீனம்.

எதிர்த்திசையில் ஆதாரம் கொஞ்சம் பலம். டென்மார்க்கில் எல்லா ஆஸ்பத்திரிப் பதிவுகளும் ஒரே இடத்தில் இருப்பதால் பெரிய கணக்கெல்லாம் போடலாம். அங்கே நாளக்கட்டி வந்த 40,000க்கு மேற்பட்டவர்களை 20 வருடம் வரை பின்தொடர்ந்து 2007இல் முடிவை வெளியிட்டார்கள். காலில் கட்டி வந்தவர்களுக்கு முதல் வருடத்தில் மாரடைப்பு, மற்றவர்களைவிட 1.6 மடங்கு. பக்கவாதம் 2.2 மடங்கு. நுரையீரலுக்குக் கட்டி போனவர்களுக்கு இன்னும் அதிகம். அதன்பிறகு வந்த வருடங்களில் அந்த இடைவெளி 20 முதல் 40 சதவீதமாகக் குறைந்தது, ஆனால் மறையவில்லை.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், இவை ஒரு நோயின் இரண்டு முகங்கள் என்று எழுதுகிறவர்கள் கொஞ்சம் அவசரப்படுகிறார்கள். சம்பந்தமே இல்லை என்று சொல்கிறவர்களும் பழைய பாடப்புத்தகத்தை மூடி வைக்க மனமில்லாதவர்கள். இரண்டு வெவ்வேறு நோய்கள், ஆனால் ஒரே ஆட்களைத் தேடிப் போகின்றன. அந்த ஆட்கள் யார் என்பதுதான் நமக்குப் பயன்படும் செய்தி.

2008இல் பல ஆய்வுகளைக் கூட்டிப் பார்த்த ஒரு கணக்கு உண்டு. நாடி நோய்க்குக் காரணம் என்று நாம் அறிந்தவை நாளக்கட்டியையும் எவ்வளவு கூட்டுகின்றன என்பது கேள்வி. உடற்பருமன் 2.3 மடங்கு. இரத்த அழுத்தம் 1.5, சீனி வருத்தம் 1.4. சிகரெட் 1.2க்கும் சற்றுக் குறைவு. கொலஸ்ட்ரோலும் அதே அளவு. பாருங்கள், வரிசையே தலைகீழாகிவிட்டது. நாடியைக் கெடுப்பதில் முன்வரிசையில் நிற்கும் சிகரெட்டும் கொலஸ்ட்ரோலும் நாளத்துக்கு வரும்போது பின்வரிசைக்குப் போய்விடுகின்றன. முன்னால் வந்து நிற்பது வயிற்றுச் சதை. கொழுப்புத் திசு சும்மா இருப்பதில்லை, உடம்பு முழுக்க மெல்லிய அழற்சியைக் கிளப்பி உறைதல் புரதங்களைக் கூட்டுகிறது, கட்டியைக் கரைக்கும் சக்தியைக் குறைக்கிறது. பெருத்த வயிறு தொடை நாளங்களை அழுத்தி இரத்தத்தை மெதுவாக்கவும் செய்கிறது. இவற்றோடு வயது. 40 தாண்டிய பிறகு இரண்டு நோய்களும் வருடத்துக்கு வருடம் கூடும்.

நம் பக்கத்தில் இது எப்படிப் பொருந்துகிறது? தோட்டத்து மக்கள் மெலிந்தவர்கள், உழைப்பாளிகள், இந்த நோய்கள் வராது என்று ஒரு பழைய நம்பிக்கை. மலையில் வேலை செய்யும் வரைக்கும் அதில் ஓரளவு உண்மை இருந்தது. இப்போது பிள்ளைகள் கொழும்புக் கடைகளில் நிற்கிறார்கள், கார்மென்டில் இருந்த இடத்தில் இருக்கிறார்கள், மாமா மாதிரி ஓட்டோ ஓடுகிறார்கள். சாப்பாடு மட்டும் மாறவில்லை. காலையில் கோதுமை ரொட்டி, மத்தியானம் தட்டு நிறையச் சோறு, இடையில் சீனி அள்ளிப்போட்ட பிளேன்டீ. மலையேறி எரித்த காலத்துக்குச் சரி. உட்கார்ந்த உடம்புக்கு அதே சாப்பாடு வயிற்றில்தான் சேரும். வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் வேறு. நாளத்துக்கு அது பெரிய காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில், புகையிலை மெல்லுகிறவர்களுக்கு மாரடைப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று தெரிந்தது. 'நான் சிகரெட் குடிக்கிறதில்லையே டொக்டர்' என்று சொல்லிக்கொண்டே மடியிலிருந்து வெற்றிலைப் பையை எடுக்கும் தாத்தாமாரை நினைத்துத்தான் இதைச் சேர்க்கிறேன்.

சிலர் மலை உயரத்தைக் காரணம் சொல்வார்கள். நுவரெலியாவே 1,868 மீற்றர்தான். உயரத்தால் இரத்தம் தடித்துக் கட்டி வருவதெல்லாம் 4,000, 5,000 மீற்றருக்கு மேல் வாரக்கணக்கில் தங்கும் மலையேறிகளின் கதை. நமக்குப் பயணம்தான் பெரிய விஷயம். உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வின்படி, நாலு மணித்தியாலத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் நாளக்கட்டி வரும் வாய்ப்பு இரட்டிக்கிறது. விமானம் மட்டுமல்ல, பஸ், ரயில், கார் எல்லாம் சேர்த்து. பதுளையிலிருந்து கோட்டைக்கு ரயிலில் வந்தவருக்கு அந்த நாலு மணித்தியாலம் நானுஓயா, ஹட்டன் தாண்டும்போதே முடிந்துவிடும். பயப்பட வேண்டாம், சுகமாக இருப்பவருக்கு வாய்ப்பு சுமார் 6,000 பயணத்தில் ஒன்றுதான். ஆனால் பிளாஸ்டர் போட்டவர், பிள்ளை பெற்று ஆறு வாரம் ஆகாதவர், புற்றுநோய் மருந்து ஏற்றுகிறவர் போன்றவர்களுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. கண்டி கிளினிக்குக்கு வேனில் கூட்டிப்போகும்போது அப்பாவின் கால் விரல்களையும், முடிந்தால் முழங்காலையும் அசைக்கச் சொல்லுங்கள், தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள், வழியில் ஒருதரம் நிறுத்துங்கள்.

நாடி நோய் நாளக்கட்டியைக் கொண்டுவரும் ஒரு நேரான வழியும் உண்டு. மாரடைப்பு வந்து ஒருவர் வார்டில் படுத்தால் அடுத்த சில மாதங்களுக்கு நாளக்கட்டி வாய்ப்பு கூடும். பக்கவாதத்தால் ஒரு கால் விழுந்துவிட்டால் அந்தக் காலில் பம்ப் நின்றுபோகிறது. இதயம் பலவீனமாகிவிட்டால் உடம்பு முழுக்க நாளங்களில் இரத்தம் தேங்கும். இங்கே நாடிக்கும் நாளத்துக்கும் இடையில் நிற்பது படுக்கை. வார்டில் நர்ஸ் வந்து எழும்பி நடங்கள் என்று விரட்டும்போது, பாவம் நோயாளி ஓய்வெடுக்கட்டுமே என்று சொந்தக்காரர்கள் கோபிப்பதைப் பார்த்திருக்கிறேன். நர்ஸ் சொல்வதுதான் சரி.

அரிதாக இன்னொரு குறுக்குவழி. தாயின் வயிற்றில் இருக்கும்போது இதயத்தின் இரண்டு மேலறைகளுக்கும் நடுவில் ஒரு துவாரம் இருக்கும். பிறந்த பிறகு மூட வேண்டும். ஏறக்குறைய நாலு பேரில் ஒருவருக்கு அது முழுதாக மூடுவதில்லை. பெரும்பாலானவருக்கு வாழ்நாள் முழுக்க ஒன்றும் ஆவதில்லை. ஆனால் கால் நாளத்திலிருந்து கிளம்பிய கட்டி, வழக்கம் போல நுரையீரலுக்குப் போகாமல் அந்தத் துவாரத்தால் இடப்பக்கம் தாண்டினால் மூளை நாடியை அடைத்துப் பக்கவாதம் வரும். இளம் வயதில் காரணம் தெரியாமல் பக்கவாதம் வந்தவருக்குக் காலையும் இதயத்தையும் சேர்த்துப் பார்ப்பது இதற்காகத்தான்.

இனி ஒரே காலில் இந்த இரண்டும் எப்படித் தெரியும் என்பதைச் சொல்ல வேண்டும். இங்கே தவறினால் கால் போகும், சில நேரம் உயிரும் போகும். நாளக்கட்டியில் கால் வீங்கும், பொதுவாக ஒரு கால்தான். சூடாக, கனமாக, சிவந்து அல்லது கருத்து இருக்கும். உயர்த்தி வைத்தால் கொஞ்சம் சுகம். நாடி அடைப்பில் கால் வீங்காது, குளிரும், வெளிறும், தோல் மினுங்கும், முடி உதிரும். மேட்டில் ஏறும்போது கெண்டைக்கால் பிடித்து இழுக்கும், நின்றால் இரண்டு மூன்று நிமிடத்தில் விட்டுவிடும், மறுபடி ஏறினால் மறுபடி பிடிக்கும். நம் ஊரில் வீட்டுக்குப் போகிற வழியே மேடாக இருப்பதால் இதை மூச்சுப் பிடிப்பு, வயசு, குளிர் என்று வருடக்கணக்கில் தள்ளிப்போடுவார்கள். முற்றினால் இரவில் வலி வரும், காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கப்போட்டால் குறையும். ஒன்றுக்குக் காலைத் தூக்க வேண்டும், மற்றதுக்குத் தொங்கப்போட வேண்டும்.

இறுக்கமான காலுறை விஷயத்திலும் இந்த வித்தியாசம் முக்கியம். வீக்கத்துக்கு நல்லது என்று பாமசியில் கேட்டு வாங்கிப் போட்டுவிடுவார்கள். நாடியில் கடும் அடைப்பு இருக்கும் காலில் அதைப் போட்டால் இருக்கும் கொஞ்ச இரத்த ஓட்டமும் நெரிபட்டுத் தோல் புண்ணாகும். உங்கள் அப்பாவுக்கு இதய நாடியில் அடைப்பு இருந்தது நமக்குத் தெரியும். இதய நாடி அடைத்தவருக்குக் கால் நாடியும் அடைத்திருக்க வாய்ப்புண்டு. ஆகவே காலுறை போடுமுன் கணுக்காலிலும் கையிலும் பிரஷர் அளந்து ஒப்பிடச் சொல்லுங்கள். கணுக்கால் எண் கை எண்ணில் பத்தில் ஒன்பது பங்குக்குக் குறைந்தால் கால் நாடியில் அடைப்பு என்று சந்தேகிப்போம். ஐந்து நிமிட வேலை.

எண்ணெய் போட்டு உருவுவது வேண்டவே வேண்டாம். சுளுக்கு, பிடிப்பு என்று நினைத்து வீங்கிய காலை நன்றாக உருவி விடும் வழக்கம் தோட்டங்களில் உண்டு. புதுக் கட்டியுள்ள காலை உருவினால் அது கழன்று நுரையீரலுக்குப் போகலாம். அதேபோல எல்லா வீக்கமும் கட்டியல்ல. மலையில் அட்டைக் கடியைச் சொறிந்து, அல்லது சின்ன வெட்டுக்காயத்தால் கிருமி புகுந்து காலே சிவந்து வீங்கிக் காய்ச்சலோடு வருகிறவர்கள் நிறைய. பார்த்தவுடன் இரண்டையும் பிரிப்பது டொக்டருக்கே கஷ்டம், ஸ்கேன் செய்தால்தான் தெரியும். யானைக்கால் என்று பயப்படுகிறவர்களும் உண்டு. அது முன்பும் கரையோரத்து நோய்தான். ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இலங்கையில் அது ஒழிக்கப்பட்டதாக 2016இல் உலக சுகாதார நிறுவனமே அறிவித்துவிட்டது.

அட்டை என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. கொழுந்து மலையில் அட்டை கடித்த இடத்தில் இரத்தம் நிற்க எவ்வளவு நேரமெடுக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஐரோப்பாவின் மருத்துவ அட்டையில் இதற்குக் காரணமான பொருள் இருப்பதை ஹேய்கிராஃப்ட் என்பவர் 1884இல் காட்டினார். பின்னால் அதற்கு ஹிருடின் என்று பெயர் வந்தது. அது முடக்குவது துரொம்பினை. மேலே சொன்ன சிவப்புக் கட்டியைப் பின்னும் அதே நொதியம். ஆனால் துரொம்பின் சிறுதட்டுகளையும் உசுப்பிவிடும் என்பதால் நாடிக் கட்டியிலும் அதற்குக் கை உண்டு. இரண்டு நோய்களும் கைகுலுக்கிக்கொள்ளும் இடம் அதுதான். 2017இல் வந்த கொம்பஸ் என்ற ஆய்வில், நாடி நோய் உள்ள 27,000க்கு மேற்பட்டவர்களில் ஆஸ்பிரினோடு, துரொம்பின் உருவாவதைக் குறைத்து நாளக்கட்டிக்குக் கொடுக்கப்படும் ரிவரொக்சபான் மருந்தைச் சின்ன அளவில் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய் மரணம் மூன்றும் சேர்ந்து 5.4 சதவீதத்திலிருந்து 4.1க்கு இறங்கின. பெரிய இரத்தப்போக்கு 1.9லிருந்து 3.1க்கு ஏறியது. கொலஸ்ட்ரோல் குளிசையும் இதே மாதிரி எல்லை தாண்டுகிறது. 2009இல் ஜூப்பிட்டர் ஆய்வில் 17,802 பேரில் பாதிப்பேருக்கு ரொசுவஸ்டட்டின் என்ற கொலஸ்ட்ரோல் குளிசை கொடுத்தார்கள். கொடுக்காதவர்களில் 60 பேருக்கு நாளக்கட்டி, கொடுத்தவர்களில் 34 பேருக்கு. ஆகவே அப்பாவின் கொலஸ்ட்ரோல் குளிசையை யாராவது இனித் தேவையில்லை என்றால் கேட்காதீர்கள்.

இப்போது அப்பாவின் மருந்துப் பெட்டி. இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து, வார்பரினோ ரிவரொக்சபானோ, தொடங்கியிருப்பார்கள். எலும்பு முறிவு போன்ற தெளிவான காரணத்தால் வந்த கட்டிக்குப் பொதுவாக மூன்று மாதம். பிரச்சினை, அதோடு ஆஸ்பிரினும் சேர்ந்தால் வயிற்றிலோ மூளையிலோ இரத்தம் கசியும் ஆபத்து கூடும். ஸ்டென்ட் வைத்து ஒரு வருடம் தாண்டி நிலைமை அமைதியாக இருப்பவருக்கு, உறைதல் தடுப்பு மருந்து ஓடும் காலத்தில் ஆஸ்பிரினை நிறுத்திவைக்கலாமா என்று கேட்பது நியாயம். 2019இல் ஜப்பானில் நடந்த அஃபயர் ஆய்வில், ஒழுங்கற்ற இதயத் துடிப்பும் பழைய நாடி அடைப்பும் உள்ளவர்களுக்கு ரிவரொக்சபான் மட்டும் கொடுத்தது, இரண்டையும் சேர்த்துக் கொடுத்ததைவிடப் பாதுகாப்பாக இருந்தது. உங்கள் அப்பாவின் நோய் அதுவல்ல, ஆனால் யோசனை ஒன்றுதான். இந்த முடிவை நீங்களோ நானோ எடுக்கக்கூடாது, இதய டொக்டர்தான் எடுக்க வேண்டும். மலையகத்தில் அடிக்கடி நடப்பது என்னவென்றால் இதய கிளினிக் ஒரு ஊரில், கால் கட்டிக்கு மருந்து இன்னொரு ஊரில், ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. இரண்டு கிளினிக் கொப்பியையும் ஒன்றாகக் கட்டி, குளிசைகளையும் பையோடு கொண்டுபோய் மேசையில் வையுங்கள்.

வார்பரின் என்றால், இரத்தம் உறைய எவ்வளவு நேரமெடுக்கிறது என்று காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனை ஒழுங்காகச் செய்ய வேண்டும். பொன்னாங்கண்ணி, வல்லாரை, கங்குன் போன்ற கீரைகளில் உள்ள விற்றமின் கே மருந்தை மழுக்கும். கீரையை நிறுத்தத் தேவையில்லை, ஒரு வாரம் தினமும், அடுத்த வாரம் ஒன்றுமில்லை என்று சாப்பிடாமல் ஒரே அளவில் சாப்பிட்டால் போதும். கணுக்கால் வலிக்கு டைக்குளோபெனக் வாங்கிப் போடவே வேண்டாம். இந்த மருந்துகளோடு அது சேர்ந்தால் வயிற்றில் இரத்தம் போகும். பெரசிட்டமோல் போதும்.

திடீரென்று மூச்சு வாங்கினால், மூச்சை இழுக்கும்போது நெஞ்சில் குத்தினால், சளியோடு இரத்தம் வந்தால், மயக்கம் போட்டால், கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம். கால் திடீரென்று குளிர்ந்து வெளிறி உயிர்போகிற மாதிரி வலித்தால் நாடி அடைத்திருக்கலாம், சில மணித்தியாலம்தான் அவகாசம். இரண்டுக்கும் சுவசெரிய அம்புலன்ஸ் 1990க்கு அடியுங்கள், காசு கிடையாது. தோட்டத்து லொறி வரும் என்று காத்திருக்க வேண்டாம். அம்புலன்ஸ் வரக்கூடிய பாதை வரை ஆளைத் தூக்கிக்கொண்டு வர நாலு பேரைத் தயார்படுத்தி வைத்திருந்தால் இன்னும் நல்லது.

மாமாதான் எனக்கு உண்மையில் கவலை. அப்பாவுக்கு என்ன நோய் என்று எல்லோருக்கும் தெரியும், குளிசை குடிக்கிறார், கிளினிக் போகிறார். மாமாவிடம் ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். படுத்திருக்கும்போது எடுத்த ஈசிஜி நன்றாக இருப்பது, நாடி நன்றாக இருப்பதற்குச் சான்றல்ல. காரணமில்லாமல் கட்டி வந்தவர் மருந்தை நிறுத்தினால் முதல் வருடத்தில் பத்தில் ஒருவருக்கும், ஐந்து வருடத்துக்குள் நாலில் ஒருவருக்கும் மறுபடி வருகிறது, பெண்களைவிட ஆண்களுக்கு அதிகம். மூன்று மாதத்தில் மருந்தை நிறுத்தினார்களா, தொடரச் சொன்னார்களா என்று கேளுங்கள். நிறுத்தியிருந்தால் அந்த முடிவைத் திரும்பப் பார்க்கச் சொல்லலாம். நீண்ட காலத்துக்கு அரை அளவு மருந்து கொடுக்கும் முறையும் இப்போது உண்டு. அதுவும் முடியாதென்றால் ஆஸ்பிரின்கூட மறுபடி வருவதை மூன்றில் ஒரு பங்கு குறைக்கும், ஆனால் உறைதல் தடுப்பு மருந்துக்கு அது ஈடாகாது. இப்படி வந்தவர்களில் 20, 25 பேரில் ஒருவருக்கு அடுத்த ஒரு வருடத்துக்குள் புற்றுநோய் தெரியவரும். அதனால் எடை குறைவு, மலத்தில் இரத்தம், ஆறாத இருமல் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். 50 தாண்டிய வயதுக்கு உரிய பரிசோதனைகளைச் செய்தால் போதும், உடம்பு முழுக்க ஸ்கேன் எடுத்துக் காசைக் கரைக்க வேண்டாம்.

அவருடைய பிரஷர், சாப்பிடாமல் எடுத்த சீனி அளவு, கொலஸ்ட்ரோல், இடுப்புச் சுற்றளவு நாலும் இந்த மாதமே பார்க்கப்பட வேண்டும். பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரியிலேயே முடியும். ஓட்டோ ஸ்டாண்டில் ஹயருக்குக் காத்திருக்கும் நேரத்தில் சீட்டிலேயே குந்தியிருக்காமல் இறங்கி டவுனை ஒரு சுற்றுச் சுற்றி வரச் சொல்லுங்கள், சிகரெட் இருந்தால் நாடிக்காக விடச் சொல்லுங்கள், வயிற்றை நாளத்துக்காகக் குறைக்கச் சொல்லுங்கள். ரிப்போர்ட் வந்ததும் எண்களை எழுதி அனுப்பினால், கிளினிக்கில் எதைக் கேட்க வேண்டும் என்று சொல்கிறேன்.